தறிக்குழியும் கோட்டைச் சுவரும்: ஆரணியின் முன்னோடிகள் யார்?

ஆரணியின் வரலாற்றைத் தேடிப் போகிறவருக்கு முதலில் கிடைப்பவை இரண்டு போர்த் தேதிகள். 1751 டிசம்பர் 3 அன்று, ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட ராபர்ட் கிளைவ், மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு ராஜா சாகிப்பையும் பிரெஞ்சுக்காரர்களையும் இங்கே தோற்கடித்தார். 1782 ஜூன் 2 அன்று ஐதர் அலியின் படையும் ஐர் கூட்டின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் இங்கே மோதின. இரண்டு நாளும் வெளியூர்ப் படைகள் வந்தன, சண்டையிட்டன, போயின. அந்த இரண்டு நாளிலும் ஊரில் தறிகள் இருந்தன. அவற்றின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் யார், என்ன நெய்தார்கள், படை வந்தபோது பாவு நூலை அறுத்துச் சுருட்டிக்கொண்டு எங்கே போனார்கள் என்று எந்தப் போர்க்குறிப்பும் சொல்வதில்லை.

வேலூருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. பட்டும் அரிசியும் இந்த ஊரின் இரண்டு பிழைப்புகள். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள். இத்தகைய ஊரில் முன்னோடிகளின் வரலாற்றுக்கென்று ஒரு சிறு அருங்காட்சியகமும் அதையொட்டி ஒரு பூங்காவும் அமைத்தால், அது யாருடைய வீடாக இருக்க வேண்டும்? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியை. கட்டடக் கலைஞரைக் கேட்டால் அரண்மனை என்பார். சுற்றுலாத் துறையினரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அந்தப் பதில் போதுமானதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்லில் நிற்பவை

அரண்மனை என்ற பதிலுக்கு வலுவான காரணங்கள் இருப்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 17ஆம் நூற்றாண்டில், பீஜப்பூர் சுல்தானியத்தின் தென்னகப் படையெடுப்புகளின்போது தளபதி ஷாஹாஜியோடு வந்த வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராட்டிய பிராமணரின் வழியினர் ஆரணி ஜாகீரை ஆண்டார்கள். 1948இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும்வரை, ஏறத்தாழ 300 ஆண்டுகள் அந்தக் குடும்பத்தின் கை இந்த நிலத்தின் மேல் இருந்தது. ஊருக்குப் பக்கத்தில் சத்திய விஜய நகரம் என்ற ஊரே அந்தக் காலத்தின் அடையாளம். உத்தராதி மடத்துப் பீடாதிபதி சத்திய விஜய தீர்த்தரின் பெயரைத் தாங்கியது, அவருடைய பிருந்தாவனமும் அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள அரண்மனையும், காட்டுப் பக்கம் பூசிமலைக்குப்பத்தில் உள்ள மாளிகையும் சிதைந்த நிலையிலும் கண்ணை இழுப்பவை. பூசிமலைக்குப்பத்து மாளிகையைச் சுற்றி ஒரு காதல் கதையும் உலவுகிறது.

இவற்றைக் காக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. சுண்ணாம்பும் தேக்கும் வண்ணக் கண்ணாடியும் ஒருமுறை போனால் திரும்ப வராது. ஆனால், அரண்மனையைக் காப்பதும் ஊரின் வரலாற்றைச் சொல்வதும் ஒரே வேலை என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. ஜாகீர்தாரின் மாளிகை, அவர் வரியை எப்படிச் செலவிட்டார் என்று காட்டும். அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது. விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் தறிக்கடமை, தறியிறை என்ற சொற்கள் வருகின்றன. நெசவாளன் கல்லில் பெரும்பாலும் இடம்பெறுவது இப்படித்தான்: வரி கொடுத்தவனாக, ஓர் எண்ணாக. விஜயா ராமசாமி 1985இல் வெளியிட்ட தென்னிந்திய நெசவாளர் பற்றிய நூல் இத்தகைய கல்வெட்டுத் துணுக்குகளைக் கோத்துத்தான் ஒரு சமூக வரலாற்றை எழுப்பியது. கல்லிலேயே இவ்வளவு இருக்கிறது என்றால், கல்லில் ஏறாதது எவ்வளவு இருக்கும்?

வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் படத்தை இன்னும் மாற்றுகிறது. 18ஆம் நூற்றாண்டின் தென்னிந்திய நெசவாளன் ஏழை, வணிகன் சொன்னபடி ஆடியவன் என்ற பழைய நம்பிக்கையை அவர் மறுக்கிறார். வணிகனிடம் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை நெசவாளனுக்கு இருந்தது. வணிகனுக்கு அந்த உரிமை இல்லை. பிடிக்காத இடத்தை விட்டுத் தறியோடு கிளம்பிவிடவும் முடிந்தது. கும்பினியின் ஆட்சி உறுதிப்பட்டபோதுதான் அந்தப் பேரம் பேசும் வலு நொறுங்கியது என்பது அவருடைய வாதம். இதை ஏற்றால், 1751ஐயும் 1782ஐயும் வேறு கண்ணால் பார்க்க வேண்டும். ஆரணிக் கோட்டைக்கு வெளியே நடந்த சண்டையின் விளைவு, அடுத்த தலைமுறையின் தறிக்குழிக்குள் கூலியாக வந்து இறங்கியது.

மஸ்லின் நெய்த ஊர்

ஆரணி என்றால் இன்று பட்டு. ஆனால், 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில வணிகப் பதிவுகளில் இந்த ஊர் பெயர் பெற்றது மெல்லிய பருத்தித் துணிக்காக, ‘ஆர்னி மஸ்லின்’ என்ற பெயரில். அக்காலத்தில் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளைத் துண்டு துண்டாக வெட்டி, 18 தொகுதிகளில் ஒட்டி, 1866இல் 20 படிகள் உருவாக்கினார். 13 படிகள் பிரிட்டனின் தொழில் நகரங்களுக்குப் போயின. 7 இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டன. இந்தியர் எந்தத் துணியை விரும்பி உடுத்துகிறார்கள் என்று லங்காஷயர் ஆலைக்காரர்கள் அறிந்து, அதைப்போல் நெய்து இங்கே விற்க வேண்டும் என்பதே நோக்கம். நடமாடும் அருங்காட்சியகம் என்று அதைச் சொல்லலாம். நெய்தவன் பெயர் எந்தத் துண்டிலும் இல்லை.

பருத்தியிலிருந்து பட்டுக்கு மாறிய அந்த மாற்றம்தான் ஆரணியின் உண்மையான முன்னோடி வரலாறு. நூல் மாறினால் எல்லாம் மாறும். கஞ்சிப் பசை மாறும், அச்சின் நெருக்கம் மாறும், சாயம் மாறும், கடன் கொடுப்பவர் மாறுவார், துணியை வாங்குபவர் மாறுவார். கச்சாப்பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வர வேண்டும். கையில் பழகிய தொழிலை வைத்துக்கொண்டு இவ்வளவையும் புதிதாகக் கற்றவர்கள் யாரோ, அவர்களே இந்த ஊரின் முன்னோடிகள். அவர்களுக்குத் தனிப்பெயர் கிடைக்காமல் போகலாம். தெருப்பெயராவது இருக்கிறது.

இதில் ஆரணிக்கு ஒரு பேறு வாய்த்திருக்கிறது. இந்திய ஊர்களில் இவ்வளவு நெருக்கமாக ஆராயப்பட்ட சிறுநகரங்கள் மிகக் குறைவு. ஆய்வாளர் பார்பரா ஹாரிஸ்-வைட் 1973இல் வட ஆற்காட்டில் பசுமைப் புரட்சி பற்றிய ஆய்வுக்காக வந்தார். அதன் பின் பத்தாண்டுக்கு ஒருமுறை ஆரணியின் கடைகளையும் ஆலைகளையும் பட்டறைகளையும் கணக்கெடுக்கும் வேலை அவராலும் அவருடைய மாணவர்களாலும் தொடர்ந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. நாகராஜ், எஸ். ஜனகராஜன், டி. ஜெயராஜ் ஆகியோர் அவரோடு சேர்ந்து ஆரணிச் சுற்றுவட்டாரப் பட்டு நெசவை ஆராய்ந்தார்கள். 2016இல் வெளிவந்த தொகுப்பு நூல் நாற்பது ஆண்டு மாற்றத்தை இந்த ஒரே ஊரை வைத்துப் பேசுகிறது. நகரத்துத் தறி சுற்றுக் கிராமங்களுக்குப் பரவியதையும், நெசவுச் சாதிகளுக்கு வெளியே இருந்த உழவர் குடும்பங்கள் தறியில் உட்கார்ந்ததையும், முதலாளி நூல் கொடுத்துச் சேலை வாங்கும் முறை வேரூன்றியதையும் இந்த ஆய்வுகளில் காணலாம்.

ஆக்ஸ்போர்டில் ஒரு மாணவி ஆரணியின் தறிக் கூலியைப் பற்றிப் படிக்க முடியும். ஆரணி அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் நெசவாளர் மகளுக்கு அவள் தாய்மொழியில் அது கைக்கு எட்டவில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் என்றால் மட்டுமே ஓர் அருங்காட்சியகம் தேவை.

ஒரே தேயிலை, இரண்டு முன்னோடிகள்

முன்னோடி என்ற சொல்லே ஒரு தீர்ப்பு. அமெரிக்கச் சிற்றூர்களில் முன்னோடிக் குடியேறிகளின் அருங்காட்சியகங்கள் ஏராளம். ஒரு மரவீடு, ஒரு பழைய பள்ளிக்கூடம், ஒரு கொல்லன் பட்டறை, சுற்றிலும் பூங்கா. வண்டி கட்டிக்கொண்டு வந்து காட்டைத் திருத்தியவர்களின் உழைப்பை அவை அன்போடு சொல்கின்றன. அதற்கு முன் அந்த நிலத்தில் வாழ்ந்த பூர்வகுடிகளின் கதை பல இடங்களில் நீண்ட காலம் அந்த மரவீட்டுக்குள் நுழையவே இல்லை.

நமக்கு நெருக்கமான சான்று இலங்கையில் இருக்கிறது. கண்டி மாவட்டத்தில் தேயிலை பற்றி இரண்டு அருங்காட்சியகங்கள். ஹந்தானையில் உள்ளது, 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையில் 2001இல் திறக்கப்பட்டது. பழைய உருளை இயந்திரங்கள், கொதிகலன்கள், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்கள் என்று அது விரிகிறது. அங்கே முன்னோடி என்றால் டெய்லர். இன்னொன்று கம்பளை அருகே பரதேக்கா பகுதியில், பழைய பீக்கொக் தோட்டத்தில், 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். தொழிலாளர் வாழ்ந்த லயன் வரிசை ஒன்றே அங்கே காட்சிக்கூடம். தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணி கூட்டிவந்த குடும்பங்கள் புழங்கிய பாத்திரம், கருவி, ஆவணம் எல்லாம் அந்தச் சின்ன அறைகளிலேயே இருக்கின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களுக்கு, தாங்கள் இந்த மண்ணில் எத்தனை தலைமுறை வேலை செய்தோம் என்று காட்டும் காகிதமும் பொருளும் சான்றாகவே தேவைப்பட்டவை. அங்கே முன்னோடி, பெயரில்லாமல் காடு வெட்டிய தமிழன். கொழுந்து பறித்த தமிழச்சி.

இரண்டில் எது உண்மை? இரண்டிலும் உள்ள பொருள்கள் உண்மையானவைதான். ஆனால், தேயிலை இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குக் கூலி எவ்வளவு என்ற கேள்வி எழுவதில்லை. லயன் அறைக்குள் குனிந்து நுழைந்து வருகிறவருக்கு அந்தக் கேள்வி எழாமல் இருக்காது. கட்டடத்தின் உயரமே பார்வையாளனைச் சிந்திக்க வைக்கும் கருவியாகிவிடுகிறது. ஆரணிக்கான பாடம் இங்கே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பெயர்த்து வைத்த வீடு, இருக்கும் வீடு

வீட்டையே அருங்காட்சியகம் ஆக்கும் எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசிலியஸ் 1891இல் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கி, சுவீடனின் பல பகுதிகளிலிருந்து வீடுகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்தினார். தமிழ்நாட்டில் அதன் சிறந்த எடுத்துக்காட்டு, 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் நடத்தும் அந்த வளாகத்தில் செட்டிநாட்டு வீடும், கேரள சிரியன் கிறித்தவர் வீடும், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் அருகருகே நிற்கின்றன. அழிந்துபோகவிருந்த கட்டடங்களுக்கு அங்கே உயிர் கிடைத்தது. அந்தப் பணியை இந்தக் கட்டுரை மதிக்கிறது.

ஆனாலும் பெயர்த்து வைத்த வீட்டுக்கு ஓர் இழப்பு உண்டு. அதன் தெரு கூட வராது. பட்டு நெசவில் தெரு என்பது வீட்டின் ஓர் அறை. பாவை நீட்டி, இழை இழையாகப் பிரித்து, பசை போட்டு ஈரம் காயவைக்கும் வேலை வீட்டுக்குள் அடங்காது. விடியற்காலையில், வெயில் ஏறும் முன், பக்கத்து வீட்டுக் கைகளும் சேர்ந்தால்தான் ஆகும். சேலம் பக்கத்து நெசவு ஊர்களில் இதற்கென்றே பாவடி என்று ஒரு பொது நிலம் விட்டிருந்தார்கள். இன்றும் அந்தப் பெயரில் இடங்கள் இருக்கின்றன. ஒற்றை வீட்டைக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்தால் சுவரும் தூணும் வரும், அடுத்த வீட்டுக்காரரின் கை வராது.

பிரான்சின் லியோன் நகரில் வேறொரு வழி தேர்ந்தெடுத்தார்கள். பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த குருவா-ரூஸ் குன்றிலேயே, 1970இல், நெசவாளர் இல்லம் ஒன்றை அமைத்தார்கள். 1804இல் ஜக்கார்டு உருவாக்கிய இயந்திரம் தறிக்கு மேலே உட்காருவது. அதற்காகவே அந்தக் குன்றின் வீடுகளில் கூரை நான்கு மீட்டர் உயரம். அந்த உயரத்தைப் பார்த்தாலே தொழில் வரலாறு புரிந்துவிடும். 1831இல் அந்த நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தது துணிக்கு இவ்வளவு கூலி என்று குறைந்தபட்ச விலை கேட்டு. ஆரணித் தெருக்களிலும் அட்டை கோத்த ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே இருக்கிறது. சேலைக்கு எவ்வளவு கூலி என்ற பேச்சும் ஓயவில்லை.

தறிவீட்டுக்குள் எதை வைப்பது

ஓடு வேய்ந்த ஒரு பழைய தறிவீட்டை, அது இருக்கும் தெருவிலேயே, உரிய விலை கொடுத்து வாங்கிப் பொதுச் சொத்தாக்குவதே சரியான வழி. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதில் தாராளமும் வேண்டும், துணிவும் வேண்டும்.

குழித்தறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றுபோன தறி வெறும் மரச்சட்டம். தறியில் அமர்ந்து காட்டுபவருக்கு அன்று நெய்திருந்தால் கிடைக்கும் கூலிக்குக் குறையாத ஊதியம் தர வேண்டும். இதைச் செலவாகப் பார்க்கும் நிர்வாகம் இந்த வேலைக்கே வர வேண்டாம். நாடா, தார்க்குச்சி, ராட்டை, விழுது, அச்சு ஆகியவை கண்ணாடிப் பெட்டிக்குள் போகாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பழைய ஜக்கார்டு அட்டைகளைச் சேகரிக்க வேண்டும். மின்னணு ஜக்கார்டு வந்தபின் எடைக்குப் போடப்படும் அந்த அட்டைக் கட்டு ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தின் மூலப்படி. கூலி எழுதிய சிறு நோட்டு, கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ் புத்தகம், முன்பணச் சீட்டு போன்றவை கிடைத்தால் அவையே அந்த வீட்டின் மிக மதிப்புள்ள பொருள்கள்.

பெண்களின் உழைப்புக்குத் தனிச் சுவர் ஒதுக்கினால் போதாது. நூல் இரட்டிப்பது, தார் சுற்றுவது, பாவு பிணைப்பது என்று சேலையில் பாதி நாள் அவர்களுடையது. ஆனால், கூலிக் கணக்கில் குடும்பத்தலைவர் பெயர்தான் இருக்கும். தறிக்கு முன் நிற்கிறவர் ராட்டைக்கும் முன் அதே நேரம் நிற்கும்படி அறையை அமைக்க வேண்டும்.

துணிவு வேண்டிய இடம் கோர்வைத் தறி. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு எதிர் நிறமுமாக நெய்யும்போது மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் தேவை. அந்த இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்தது ஒரு குழந்தை. முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் பட்டுத் தொழிலில் கட்டுண்டு கிடந்ததை மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை கர்நாடகம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் ஆகிய பகுதிகளில் பதிவு செய்தது. பள்ளிக்கூடங்களும் சட்டமும் தொண்டு நிறுவனங்களும் பெற்றோரின் பிடிவாதமும் சேர்ந்து அந்த நிலைமையைப் பெரிதும் மாற்றியிருக்கின்றன. கரையின் அழகை விளக்கும் பலகை, அந்தச் சிறு இருக்கையை மறைக்கக் கூடாது. இதைச் சொன்னால் தொழிலுக்குக் கெட்ட பெயர் வரும் என்று சிலர் அஞ்சலாம். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று நடுவயதுக்காரர்கள், இதே தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய சிறுவயது இல்லாத நெசவு வரலாறு அவர்களுக்கே பொய்யாகத் தெரியும்.

பெயரைப் பற்றியும் ஒரு பலகை வேண்டும். ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் நெய்த சேலை கடைக்குப் போனதும் காஞ்சிப்பட்டு ஆகிவிடுவது வணிகத்தில் எல்லோரும் அறிந்த நடைமுறை. புவிசார் குறியீடு சட்டப் பாதுகாப்பைத் தந்தது. வாங்குகிறவரின் வாயில் ஆரணி என்ற பெயரை வைக்கவில்லை. நெசவாளர் நினைவில்லம் ஒன்றால் இது முழுதும் மாறிவிடாது. ஆனால், கல்யாணப் புடவை எடுக்க வருகிற குடும்பம் அரை மணி நேரம் அந்த வீட்டில் நின்றால், அடுத்த கடையில் ‘இது எங்கே நெய்தது?’ என்று கேட்கும்.

பாவுத் தெருவே பூங்கா

பூங்கா என்றதும் நகராட்சிகள் நீரூற்றும் ஊஞ்சலும் சிமெண்ட் யானையும் வாங்குகின்றன. ஆரணிக்கு வேண்டியது வேறு. தறிவீட்டுக்கு முன்னால் ஒரு பாவு நீளத்துக்குத் தெருவை, காலை சில மணி நேரம் வண்டி வராமல் நிறுத்தி, இருபுறமும் வேம்பும் புங்கமும் வைத்தால் அதுவே பூங்கா. விடியலில் பாவு நீட்ட நெசவாளருக்கு, மாலையில் உட்காரப் பெரியவர்களுக்கு, விடுமுறையில் ஓடப் பிள்ளைகளுக்கு. பாவுக்குத் தேவை நீளமும் நிழலும் தூசியில்லாத காற்றும். மனிதருக்கும் அவைதான் தேவை.

அரண்மனையைப் புதுப்பிக்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு போதும் இந்த வேலைக்கு. ஒரு தறிவீடு, ஒரு தெரு, ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய இரண்டு பேர், ஆரணி பற்றி வெளிவந்த ஆய்வுகளின் சுருக்கத்தைத் தமிழில் தர ஒரு மொழிபெயர்ப்பாளர். நகராட்சி, கைத்தறித் துறை, கூட்டுறவுச் சங்கங்கள், பட்டு வணிகர்கள் ஆகிய நான்கு தரப்பும் ஒரு மேசைக்கு வந்தால் தொடங்கிவிடலாம். மஸ்லின் நெய்தவர்களை நேரில் அறிந்தவர் இன்று உயிரோடு இருப்பது அரிது. ஜக்கார்டுக்கு முன் அடைத்தறியில் கையால் பூ எடுத்தவர்களும், தெருவில் பாவு நீட்டி வளர்ந்தவர்களும் முதுமையில் இருக்கிறார்கள். ஆரணிக்காரர்கள் தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய அச்சையும் அட்டைக் கட்டையும் கூலி நோட்டையும் இந்த ஆண்டு எடைக்குப் போடாமல் எடுத்து வைக்க வேண்டும்.